கடை எண்ணை விட மனமில்லை

செங்கோட்டையில் எங்கள் நாட்டு மருந்துக் கடையின் தரைவழித் தொலைபேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, நிறுவனத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று விசாரித்தேன். முடியாதாம். கைபேசிக்கு 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கும் உரிமை, தரைவழி இணைப்புக்கு இல்லை.

கைபேசியில் 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வந்துவிடும். தரைவழி எண்ணோ ஊரோடும் நிறுவனத்தோடும் கட்டப்பட்டது. 04633 தென்காசி வட்டாரத்துக்கு உரியது. அதற்குப் பின்னால் வரும் எண் வரிசை நிறுவனவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு வழி செய்துவிட்டது.

எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அப்பா காலத்து ரசீதின் மேல் மூலையில், மஞ்சள் கறை படிந்த தாளில் அச்சான அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்றும் கூப்பிடுகிறார்கள். "அண்ணாச்சி, குறுந்தோட்டி வேர் வந்துவிட்டதா?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்கும் பெரியவர்களிடம் புது எண்ணை எப்படிக் கொண்டு சேர்ப்பது? அவர்களில் பலர் கைபேசியே வைத்துக்கொள்வதில்லை.

இப்போதைக்குப் பழைய இணைப்பைக் குறைந்த கட்டணத் திட்டத்தில் வைத்து, வரும் அழைப்புகளைக் கைபேசிக்குத் திருப்பிவிடப் போகிறேன். தொலைபேசி நிலையத்திலேயே அழைப்பு திரும்பிவிடுவதால், சாரல் காலத்தில் கம்பி அறுந்தாலும் தவறாது. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.