காசிமேட்டை ஆறடிக்கு இழுத்த கதை

திருவான்மியூரில் நண்பன் மீன் சாப்பாட்டுக் கடை திறந்தான். சுவரில் மாட்ட, நான் ஐபேடில் வரைந்து வைத்திருந்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்காலைப் படத்தைக் கேட்டான். ஆறடிக்கு நாலடி, கேன்வாஸில் அடித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றேன். மூன்று வாரம் ஆனது.

திருவல்லிக்கேணியில் ஒரு பிரிண்டிங் கடைக்குப் போனேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். "தம்பி, போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும். பென்டிரைவ்ல கொண்டாங்க" என்றார் கடைக்காரர். ஒரிஜினலைக் கொடுத்தும் அவர் முகம் மலரவில்லை. படம் 3000க்கு 2000 பிக்சல். ஆறடி என்பது 72 இஞ்ச். 3000ஐ 72ஆல் வகுத்தால் ஒரு இஞ்ச்சுக்கு 42 பிக்சல்கூட வராது.

"இஞ்ச்சுக்கு 300 புள்ளி, அதான் 300 டிபிஐ, வேணுமாண்ணே?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"புத்தகமா போடுறோம்? ஆறடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடப் போறாங்க. 100 போதும்."

ஏஐ வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகு பரவாயில்லை. ஆனால் வலையின் கண்ணிகளையெல்லாம் மீன் செதிலாக மாற்றி வைத்திருந்தது! காசிமேட்டுக்காரர் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சரி என்று புதிதாகவே வரைய உட்கார்ந்தேன். சட்டத்தின் பக்கவாட்டில் மடிக்க நாலு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக வேண்டும் என்றார் கடைக்காரர். அப்படியானால் 76க்கு 52 இஞ்ச், அதாவது 7600க்கு 5200 பிக்சல். அவ்வளவு பெரிய கேன்வாஸைத் திறந்ததும் ஐபேட் லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளை, குறைத்துவிட்டது. வானத்தை முடித்து ஒட்டி, பிறகு கடல், பிறகு படகு என்று தவணை முறையில்தான் வரைய முடிந்தது.

நிறம் வேறு தலைவலி. சூரியன் வருவதற்கு முன் வானத்துக்கு ஒரு ஊதா கொடுத்திருந்தேன், திரையில் ஜொலிக்கும். சிஎம்ஒய்கேவுக்கு, அதாவது அச்சு மெஷினின் நாலு மை நிறங்களுக்கு, மாற்றியதும் வெந்த கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. திரை ஒளியைக் கலக்கிறது, மெஷின் மையைக் கலக்கிறது. அந்த ஊதாவை நாலு மையால் எட்டவே முடியாது. அதனால் ஊதாவைத் துரத்துவதை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள மேகங்களை இருட்டாக்கினேன். இப்போது அந்த மங்கிய ஊதாவே வெளிச்சமாகத் தெரிந்தது. படகின் நிழலில் வெறும் கறுப்பு மை மட்டும் இருந்தால் சாம்பல் அடித்துவிடும் என்றார் அவர். மற்ற மூன்று மைகளையும் கொஞ்சம் சேர்த்தேன்.

முழுதாக அடிப்பதற்கு முன் ஒரு அடி நீளத் துண்டு மட்டும் அதே கேன்வாஸில் அடித்துத் தரச் சொன்னேன். வானமும் வலையும் சேரும் இடம். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்தேன், இரண்டு முறை திருத்தினேன். இந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

மூலையில் 'காசிமேடு' என்று எழுத்து வேண்டும். எழுத்தைத் தனியாகக் கொடுத்தேன். அவருடைய பழைய கோரல்டிரா மென்பொருளில் திறந்தால், 'மே'யின் இரட்டைக்கொம்பு 'ம'வைத் தாண்டிப் போய் 'டு'வுக்கு முன்னால் நிற்கிறது. என் கம்ப்யூட்டரிலேயே எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுத்தபின் அடங்கியது. தமிழ் எழுத்து இருந்தால் கர்வ் செய்யாமல் எந்தக் கடைக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியில் எல்லா லேயரையும் ஒன்றாக்கி டிஃப் கோப்பாகக் கொடுத்தேன், 150 எம்பி. அடித்ததும் மையில் விரிசல் விழாமல் இருக்கப் படம் வெளிப்பக்கம் தெரியும்படி சுருட்டித் தந்தார். பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். "எந்தக் கட்சி பேனர்?" என்று ஒருவர் கேட்டார்.

சட்டத்தில் அடித்து மாட்டியபிறகுதான் கவனித்தேன். இடது ஓரத்தில் ஆசையாக வரைந்த காக்கையின் வால், மடிப்புக்கு விட்ட 2 இஞ்ச்சுக்குள் போய், பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. நண்பன் இன்னும் பார்க்கவில்லை.