பருத்திப் பாவு, அல்பாக்கா ஊடை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் என்றால், தொழிலாளர்களுக்காக அவர் கட்டிய சால்டேர் ஊரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1836-இல் லிவர்பூல் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா (ஒட்டக இனத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கு) ரோம மூட்டைகளை வாங்கிப்போட்டவர் அவர். மற்றவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிய சரக்கில் இந்த பிராட்ஃபோர்டுக்காரர் எப்படிக் காசு பார்த்தார்? கையால் செய்து பார்த்தால் தெரியும் என்று இறங்கினேன்.

சீவிய அல்பாக்கா கொஞ்சம் வரவழைத்து மரத் தக்ளியில் நூற்றேன். ஆட்டு ரோமத்தில் பிசுக்கும் சுருளும் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதில் இரண்டும் குறைவு; வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடுகிறது, தக்ளி தடாரென்று தரையில் விழுகிறது. முறுக்கைக் கூட்டினால் நிற்கிறது, ஆனால் பளபளப்பு மங்குகிறது. முறுக்கைக் குறைத்தால் நூல் மினுங்குகிறது, ஆனால் பலமில்லை. இதைப் பாவாக, அதாவது தறியின் நீளவாக்கு நூலாக, இழுத்துக் கட்ட முடியாது.

சால்ட் பருத்திப் பாவில் அல்பாக்காவை ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, விட்டு நெய்ததன் அருமை இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இழுவையைப் பருத்தி தாங்கிக்கொள்ளும், அழகை அல்பாக்கா காட்டும். விலையும் குறையும்.

சரி என்று சிறிய சட்டத்தறியில் மெல்லிய கறுப்புப் பருத்தி நூலை இடைவெளி விட்டுப் பாவு ஓட்டினேன். ஊடையை நெருக்கி அடிக்க அடிக்கப் பாவு உள்ளே ஒளிந்துகொண்டது. துணியை ஜன்னல் பக்கம் சாய்த்தால் பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடுகிறது. கரைதான் இன்னும் உள்வாங்குகிறது. ஊடையைக் கொஞ்சம் தளர்த்தி, வளைத்து விட்டால் பரவாயில்லை.

விக்டோரியா ராணியே தன் அல்பாக்காக்களின் ரோமத்தை சால்ட்டிடம் அனுப்பித் துணி நெய்து வாங்கியிருக்கிறார். இந்த வியாபாரத்தில் சேர்ந்த பணத்தில்தான் சால்டேரில், ஏர் ஆற்றங்கரையில் 545 அடி நீள ஆலை எழுந்தது. திறப்புவிழா 1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். சுற்றிலும் தொழிலாளர் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, தெருக்களுக்கு மனைவி கரோலின் பெயரும் பிள்ளைகள் பெயரும். மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. நல்ல வீடுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்தது பட்டுப் பாவு. சால்ட் அதையும் நெய்திருக்கிறார். இந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு நூல் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விலைதான் யோசிக்க வைக்கிறது.