புள்ளி விழாத பேனா

4 மாதம் அலைந்து, இரண்டு இங்க் பேனா வாங்கி இரண்டும் சரிப்படாமல், மூன்றாவதில் இன்று காலை ஆறு பக்கம் எழுதி முடித்தேன். விரல் வலிக்கவில்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நான் பட்ட அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

தினமும் கையால் எழுதுகிற வேலை எனக்கு. பால்பாயிண்டில் மை கெட்டியாக இருக்கும், அழுத்தினால்தான் குண்டு உருளும். வருடக்கணக்கில் அப்படி அழுத்தி அழுத்தி நடுவிரல் ஓரத்தில் காய்ப்புக் காய்த்துவிட்டது, கட்டைவிரல் மூட்டிலும் வலி. இங்க் பேனாவில் அழுத்தவே தேவையில்லை. நிப்பின் பிளவு வழியாக மை தானே இறங்கும், நிப் தாளில் பட்டால் போதும். அதனால்தான் மாறினேன். மாறியது சரிதான், வாங்கிய விதம்தான் சரியில்லை.

முதல் பேனா பித்தளை உடல், பார்த்ததும் பிடித்துவிட்டது. கடையில் நிப்பை மைப்புட்டியில் முக்கி, வழவழவென்றிருந்த தடித்த தாளை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போட்டுப் பாருங்க" என்றார்கள். வழுக்கிக்கொண்டு ஓடியது, வாங்கிவிட்டேன். இப்படிச் சோதிப்பதை நம்பாதீர்கள். முக்கி எடுத்த நிப்பிலும் அடியில் இருக்கும் நாக்கிலும் மை தேங்கி நிற்கும். எவ்வளவு மோசமான பேனாவும் அந்த நிலையில் நாலு வரி தாராளமாக எழுதும். கையெழுத்துப் போட இரண்டு நொடி ஆகும், ஆனால் கைவலி தெரிவது இரண்டாம் பக்கத்தில்.

எனக்கும் இரண்டாம் பக்கத்தில்தான் தெரிந்தது. மூடியைத் திருகும் மரை, சரியாக என் கட்டைவிரல் படும் இடத்தில் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால் விரல் சதையில் மூன்று கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. எடையும் கூடுதல். நிறுத்துப் பார்த்தேன், மூடியோடு 42 கிராம். மூடியைப் பின்னால் செருகினால் கனமெல்லாம் பின்பக்கம் போய் நிப் மேலே தூக்குகிறது. அதைக் கீழே பிடிக்க மறுபடியும் அழுத்த வேண்டியிருந்தது. எதை விட்டு ஓடி வந்தேனோ அதுவே திரும்ப வந்தது.

அடுத்து, நண்பரிடம் லாமி சஃபாரியை ஒரு வாரம் கடன் வாங்கி எழுதினேன். 1980-இல் பள்ளி மாணவர்களை மனதில் வைத்துச் செய்த பேனா, சுமார் 17 கிராம்தான். எடை குறைந்ததும் மணிக்கட்டு எவ்வளவு லேசாகிறது என்பது அதில்தான் புரிந்தது. ஆனால் அதன் பிடி முக்கோணம். இரண்டு விரலும் இரண்டு பட்டையில் அமர்கிறவர்களுக்கு அது வரம். நான் கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல் போட்டுப் பிடிக்கிறவன், அந்தப் பிடி எனக்கு அமையவில்லை. கடன் வாங்கிப் பார்த்ததால் ஒரு வீண்செலவு மிச்சம். உங்கள் பிடியும் என்னுடையது மாதிரி என்றால் உருண்டையான கழுத்துள்ள பேனாவாகப் பாருங்கள்.

இரண்டாவது பேனாவை இணையத்தில் வாங்கினேன். லேசான பிளாஸ்டிக், உருண்டைக் கழுத்து, மரையும் விரலைத் தொடாத இடத்தில். கைக்கு அத்தனை பொருத்தம். எழுதினால் புள்ளி விழவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மெய்யெழுத்துக்கு வந்து மேலே ஒரு புள்ளி வைத்தால் தாளில் ஒன்றும் இருக்காது. 'பக்கம்' என்று எழுதினால் 'பககம' என்று நிற்கும். ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் பாதியில்தான் தொடங்கும். மை சரியில்லையோ என்று வேறு மை மாற்றினேன். புது நிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம் என்று, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் கழுவினேன். (இதை எந்தப் புதுப் பேனாவுக்கும் செய்யுங்கள், பச்சைத் தண்ணீர்தான், சுடுநீர் கூடாது.) இரண்டு வாரம் இப்படியே போனது.

கடைசியில் 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி நிப் நுனியைப் பார்த்தேன். கோளாறு கண்முன்னே தெரிந்தது. நுனிக் குமிழை அளவுக்கு மீறி மெருகேற்றியதில், பிளவின் உள்விளிம்பு இரண்டும் உருண்டு, நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். மை அந்தப் பள்ளத்துக்கு மேலேயே நின்றுவிடும், தாளுக்கு வராது. பேபீஸ் பாட்டம் என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இழுத்து எழுதும்போது தெரியாது, தொட்டு எடுக்கிற இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் வரிக்கு வரி தொட்டு எடுக்கிற வேலைதானே.

விற்றவருக்கு மூன்று மின்னஞ்சல், லென்ஸ் வழியே எடுத்த படத்தோடு. மூன்றுக்கும் ஒரே பதில்: மை நிரப்பிய பேனாவைத் திரும்பப் பெறுவதில்லை. மை நிரப்பாமல் மை வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குப் பதிலே இல்லை. இன்னமும் எனக்கு ஆறவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, மை நிரப்பிய பிறகு நிப் கோளாறு தெரிந்தால் மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாளில் நிப்பைத் தேய்த்தால் சரியாகும் என்று சொல்வார்கள், பழக்கம் இல்லாமல் செய்யாதீர்கள். தேய்ந்துபோன குமிழ் திரும்ப வளராது.

மூன்றாவது முறை கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் வேலை செய்தேன். சாதாரண பென்சில் 7 மி.மீ. பருமன். அதில் காகித டேப்பைச் சுற்றிச் சுற்றி எழுதிப் பார்த்தேன். 10 மி.மீ. வந்தபோது விரல்கள் தாமாகவே தளர்ந்தன. என் கைக்கான அளவு கிடைத்துவிட்டது. ஸ்கேலும் நான் தினமும் எழுதும் நோட்டும் பையில் எடுத்துக்கொண்டேன். நிப் F, அதாவது மெல்லிய கோடு, என்று முன்பே முடிவு. ஜப்பானிய F, ஐரோப்பிய F-ஐ விட மெல்லிசாக எழுதும். என் எழுத்து பொடி, ஐரோப்பிய M-இல், அதாவது நடுத்தரக் கோட்டில், எழுதினால் 'ண', 'ழ' சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். தங்க நிப் வேண்டுமா என்றும் யோசிக்கவில்லை. தாளில் படுவது நுனியில் ஒட்டிய கடின உலோகக் குமிழ், எஃகு நிப்பிலும் அது உண்டு.

இந்தக் கடையில் முக்கித் தர வேண்டாம், மை நிரப்பிய பேனாவாகத் தாருங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு நிரப்பிக் கொடுத்து நாற்காலியும் போட்டார். என் நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, க் ச் ட் த் ப் ற் என்று வரிசையாக எழுதினேன். 'ப்' புள்ளி மூன்று தடவை தவறியது. கடைக்காரரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அதே மாடலில் இன்னொன்றை நிரப்பிக்கொண்டு வந்தார். அதில் ஆறு புள்ளியும் விழுந்தன. இன்னும் மூன்று வரி எழுதினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரே மாடல், ஒரே நிப் அளவு, இரண்டு பேனா இரண்டு விதம். பெட்டி பிரிக்காத புதுசு தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கையில் இருக்கிற இதுவே போதும் என்று வாங்கி வந்தேன்.

பிறகு எல்லாம் சுலபம்தான். கன்வெர்ட்டர் (புட்டியிலிருந்து மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாய்) அதே கம்பெனியுடையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இந்தியன் இங்க்கை (படம் வரையும் கெட்டிக் கறுப்பு மை) தவறியும் ஊற்றாதீர்கள், காய்ந்தால் நாக்கு அடைத்துவிடும்.

இரண்டாவது பேனா இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் கழுத்தும் கனமும் என் கைக்கு அவ்வளவு பொருத்தம், தூக்கிப்போட மனம் வரவில்லை. நிப் சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் அடுத்த வாரம் கொடுக்கப்போகிறேன்.