கழுவிய பிறகுதான் பழுதான போர்டுகள்

30 சென்சார் போர்டுகளுக்குச் சோல்டரிங் முடிந்தது. இணைப்புகளைச் சுற்றி, சோல்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் என்ற பொருள் பழுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தது. நான் பயன்படுத்தியது நோ-கிளீன் ஃப்ளக்ஸ், கழுவவே தேவையில்லை. ஆனாலும் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். காய்ந்ததும் வெள்ளையாக ஒரு படலம் படர்ந்தது. சோதனையில் எல்லாம் தேறின, சரி என்று விட்டுவிட்டேன்.

மழை பிடித்த வாரத்தில் அளவீடுகள் தடுமாறின. சூடான காற்று காட்டினால் சரியாகும், ஆறிய கொஞ்ச நேரத்தில் மறுபடி நகரும். ஈரம்தான் காரணம் என்று அப்போது பிடிபட்டது. நோ-கிளீன் ஃப்ளக்ஸில் மிஞ்சும் அமிலங்களை, சோல்டரிங் சூட்டுக்குப் பின் இறுகும் பிசின் மூடி வைத்திருக்கிறது. நான் பிசினைக் கரைத்து, அமிலத்தை எடுக்காமல் போர்டு முழுக்கப் பரப்பியிருக்கிறேன். அதில் ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் கசிவு மின்னோட்டம் வரும். நாளானால் உலோகம் கிளை கிளையாக வளர்ந்து ஷார்ட் ஆகும். அரைகுறையாகக் கழுவுவதைவிடக் கழுவாமலே விட்டிருக்கலாம்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. அந்த ஆல்கஹாலைத் திறந்த தட்டில், சூடான சோல்டரிங் அயனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. அதில் நனைந்த போர்டை சூட்டடுப்பில் (ஓவன்) வைப்பதும் அதே அளவு ஆபத்து.

மறுபடி முழுதாகக் கழுவுவது என்று முடிவு செய்தேன். முதலில் உதிரிப்பாகப் பட்டியலை எடுத்து, தண்ணீர் ஆகாதவற்றைக் குறித்தேன்: ஈரப்பத சென்சார், மூடப்படாத ரிலே, திறந்த பொட்டென்ஷியோமீட்டர், பட்டன் பேட்டரி. இவற்றைக் கழற்றிவிட்டு, கழுவி உலர்த்திய பின் பொருத்தினேன். பஸரின் துளையில் ஸ்டிக்கர் இருந்தால் உலரும்வரை அதை உரிக்கக் கூடாது. ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி கைவசம் இருந்தும் தொடவில்லை. அந்த அதிர்வு, கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலையும் நுண்ணிய அசையும் பாகங்கள் கொண்ட மெம்ஸ் சென்சாரையும் உள்ளேயே உடைத்துவிடக்கூடும்.

அயனி நீக்கிய நீரில் காரத்தன்மையுள்ள போர்டு கழுவும் திரவத்தைக் கலந்து 60 டிகிரியில் கழுவினேன். பிசின் சோப்பாக மாறிக் கரைந்து வரும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அப்புறம் அயனி நீக்கிய நீரிலேயே அலசல். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்புகள் போர்டிலேயே தங்கிவிடும். வெளியேறும் நீரின் கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) உள்ளே விடும் நீரின் அளவுக்கு இறங்கும்வரை நிறுத்தவில்லை.

பாடுபடுத்தியது உலர்த்தல்தான். கால்கள் வெளியே நீளாமல் போர்டோடு ஒட்டி அமரும் கியூஎஃப்என் சிப்புக்கு அடியில் இடைவெளி 0.1 மில்லிமீட்டர்கூட இருக்காது. நீர் அங்கே நுழைவதும் கஷ்டம், நுழைந்தால் வெளியேறுவதும் கஷ்டம். போர்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்தே காற்றடித்தேன். காற்றடித்தால் நிலைமின்னேற்றம் சேரும், அதனால் அதைச் சமன்செய்யும் அயனியாக்கி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, பாகங்களின் வெப்ப வரம்பைப் பார்த்துவிட்டு 80 டிகிரி சூட்டடுப்பு. எத்தனை மணி நேரம் என்று ஊகிக்காமல், மணிக்கொரு முறை மில்லிகிராம் தராசில் எடை போட்டேன். அடுத்தடுத்த இரண்டு முறை எடை மாறாமல் இருந்தபோதுதான் நம்பிக்கை வந்தது.

கடைசியாக, கரையாமல் மிஞ்சும் அளவுக்கு உப்பு போட்ட நீர்க் கிண்ணத்தோடு போர்டுகளை ஒரு பெட்டியில் மூடினேன். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதம் அளவில் நிற்கும். மின்சாரம் கொடுத்தபடியே ஒரு வாரம் விட்டேன். 28 போர்டுகளில் அளவீடு அசையவில்லை. இரண்டு மட்டும் நகர்ந்தன. அவற்றின் கியூஎஃப்என் சிப்பைத் தூக்கிப் பார்த்தேன்: நடுவில் மஞ்சளாக, கழுவுநீர் தொடாத ஃப்ளக்ஸ். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டேன்.