ஐ.நா. வேலையில் சிக்கலா? ஆம்புட்ஸ்மனிடம் போகும் முன்

வேலூர்க்காரர்களுக்கு மனு கொடுத்துப் பழக்கம். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம், மனுவுக்கு நம்பர் வாங்குவோம், அதை வைத்துக்கொண்டு துரத்துவோம். பேங்க் தகராறு என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைகேட்கும் அதிகாரி இருக்கிறார், அவரால் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவே போட முடியும். இந்தப் பழக்கத்தோடு ஐ.நா. அலுவலகத்தின் ஆம்புட்ஸ்மனிடம் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே மனு கிடையாது, நம்பர் கிடையாது, உத்தரவும் கிடையாது. ஆனாலும் பல சிக்கல்களுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

நர்ஸ், டாக்டர், கணக்காளர், பாதுகாப்பு அதிகாரி என்று நம் பக்கத்திலிருந்து ஐ.நா. வேலைகளுக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தினால் வேலூர் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். ஐ.நா.வை அங்கே இழுக்க முடியாது. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதையொட்டி இந்தியா 1947-ல் இயற்றிய சட்டமும் அதற்கு வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் அமைப்புக்குள்ளேயே தனியாக ஒரு நீதி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2009 ஜூலை 1 முதல் தகராறு தீர்ப்பாயம், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று இரண்டு படிகள். அந்தப் படி ஏறாமலே பேசித் தீர்க்கும் வழிக்குத்தான் ஆம்புட்ஸ்மன். ஐ.நா.வில் இந்த அலுவலகம் 2002-லிருந்து இருக்கிறது.

அவர் நிர்வாகத்தின் ஆள் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்பார், எந்தெந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்வார். நீங்கள் சம்மதித்தால் மேலதிகாரியிடமோ பர்சனல் பிரிவிடமோ பேசுவார். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசப் பேச்சு நடத்தவும் ஏற்பாடு உண்டு. நீங்கள் வேண்டாம் என்றால், நீங்கள் வந்து போனதைக்கூட வெளியே சொல்லமாட்டார். யாருக்காவது உடனடியாகப் பெரிய ஆபத்து நேரும் என்ற நிலை மட்டும்தான் விதிவிலக்கு. நிர்வாகத்துக்காக அவர் கோப்பு வைப்பதில்லை, தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்வதும் இல்லை.

இந்த ரகசியம் பெரிய பலம். ஆனால் அடி விழுவதும் இங்கேதான். தொல்லை கொடுக்கும் அதிகாரியைப் பற்றி ஆம்புட்ஸ்மனிடம் ஆறு மாதம் பேசியிருந்தாலும், நிர்வாகத்தின் கணக்கில் புகார் எதுவும் வரவில்லை என்றுதான் அர்த்தம். விசாரணை வேண்டுமென்றால் அலுவலகத் தலைவருக்கோ உள் கண்காணிப்புப் பிரிவுக்கோ எழுத்தில் புகார் போக வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் எத்திக்ஸ் ஆபீஸ். தீர்ப்பாயத்தில் வாதாட உதவி வேண்டுமென்றால் ஊழியர் சட்ட உதவி அலுவலகம். நாலும் நாலு கதவு. ஒன்றில் சொன்னது இன்னொன்றில் பதிவாகாது.

அடுத்தது கெடு. நல்ல வழக்குகள் வீணாவது பெரும்பாலும் இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடியாத்தத்து நர்ஸ் ஒருவருக்கு, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று மார்ச் 3-ஆம் தேதி கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நிர்வாகத்திடம் கொடுக்கும் மனுவுக்கு 60 நாள் அவகாசம். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்துத்தான் 60. அதாவது மே 2. அவர் மார்ச் கடைசியில் ஆம்புட்ஸ்மனைக் கூப்பிடுகிறார், பேச்சு நல்லபடியாகப் போகிறது, மேலதிகாரி லீவில் இருக்கிறார், அடுத்த வாரம் பேசலாம் என்கிறார்கள். மே 5 வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆம்புட்ஸ்மன் மூலம் பேச்சு நடக்கும்போது கெடுவை நீட்ட விதி இடம் கொடுக்கிறது, ஆனால் தானாக நீளாது. கெடு முடியும் முன்பே கேட்டு, நீட்டித்த தேதியை எழுத்தில் வாங்க வேண்டும். அது கைக்கு வரவில்லை என்றால் மே 2-க்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். மனு போட்டதால் பேச்சு முறிந்துவிடாது, இரண்டும் கூடவே நடக்கலாம்.

மனுவுக்குப் பதில் வர நியூயார்க் தலைமையக ஊழியருக்கு 30 நாள், வெளியூரில் இருப்பவருக்கு 45 நாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதற்குப் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள். சமரசம் தோற்றால் தோற்ற நாளிலிருந்து 90. ஒப்பந்தம் அடுத்த வாரமே முடிகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. முடிவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கத் தீர்ப்பாயத்திடம் உடனே கேட்க வேண்டும். அதற்கும் மறுபரிசீலனை மனு ஏற்கெனவே போயிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாகத் தண்டனை கொடுத்திருந்தால் மறுபரிசீலனை தேவையில்லை, நேரே தீர்ப்பாயம்தான். ஐ.நா. செயலகத்தில் ஆண்டு மதிப்பீட்டை எதிர்த்து எழுத 14 நாள்தான். மோசமான மதிப்பீட்டை மதிக்காமல் விட்டவர், பிறகு அதையே காரணம் காட்டி ஒப்பந்தத்தை முடிக்கும்போது தவிப்பார்.

முதல் முறை பேசும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போக வேண்டாம். மேலே முடிவு வந்த தேதி, கெடு முடியும் தேதி. கீழே நடந்தவை, தேதி வாரியாக, வசவு இல்லாமல். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரி: இடமாற்றமா, மதிப்பீட்டில் திருத்தமா, மூன்று மாத நீட்டிப்பா. ‘நியாயம் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் அவரால் யாரிடமும் போய்ப் பேச முடியாது. ‘இதை மட்டும் சொல்லுங்கள், அதைச் சொல்ல வேண்டாம்’ என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஆபீஸ் மெயிலில் விவரம் எழுதாமல் போனில் பேசுவதே நல்லது.

எல்லா அமைப்புக்கும் ஒரே விதி இல்லை. யுனிசெஃப் ஊழியர் ஐ.நா. தகராறு தீர்ப்பாயத்துக்குப் போவார். உலக சுகாதார அமைப்பில் இருப்பவருக்கு அது பொருந்தாது. உள்முறையீட்டை முடித்துவிட்டு, ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், இறுதி முடிவு கிடைத்த 90 நாளுக்குள். கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஐ.நா. தகராறு தீர்ப்பாயம் திறக்காது, ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் (நடுவர் வைத்துத் தீர்க்கும்) விதிதான் வழி. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களிலிருந்து அமைதிப்படைக்குப் போகும் ராணுவ வீரர் ஐ.நா. ஊழியரே அல்ல, அவர் குறை இந்திய ராணுவத்தின் வழியாகத்தான் போகும். அதே வீரர் ஓய்வுபெற்று ஐ.நா. பாதுகாப்புப் பிரிவில் சிவிலியனாகச் சேர்ந்தால் மேலே சொன்ன கெடுக்கள் எல்லாம் அவருக்கும் உண்டு. வேலையில் சேரும்போது கொடுக்கும் நியமனக் கடிதத்தில் எந்த ஊழியர் விதி பொருந்தும் என்று எழுதியிருக்கும். அதன் நகல் ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வெளியே, வீட்டில் இருப்பவர்களிடமும் கொடுத்து வையுங்கள். வேலை முடிந்த அன்றே ஆபீஸ் மெயில் அடைபட்டுவிடக்கூடும்.