புதன்கிழமை காலை எட்டு மணி

எங்கள் மெடிசின் யூனிட்டுக்குச் செவ்வாய்க்கிழமை அட்மிஷன் டே, அன்று வரும் புது நோயாளிகள் எங்கள் பொறுப்பு. மூன்றாம் ஆண்டு பிஜி (மேற்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் டாக்டர்) என்பதால் டூட்டி லிஸ்ட் போடும் வேலை என் தலையில். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பிஜிக்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்று பரிந்துரைத்தது. "அதுக்குள்ள அடக்க முடியுதான்னு பாரும்மா" என்றார் சீஃப். (வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. அப்போது நான் பிறக்கவே இல்லை.)

74 என்பது ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் லீவு. கட்டம் போட்டபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. டூட்டி முடிவது புதன் காலை எட்டுக்கு. புதனை லீவாக வைத்தால் ஞாயிறு போச்சு. ஞாயிறை லீவாக வைத்தால் புதன் மாலை ஆறு வரை, தொடர்ந்து 34 மணி நேரம். விடிய விடிய விழித்துவிட்டு ஹாஸ்டலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவதற்குப் பெயர் லீவா?

நாங்கள் மூன்று பேர். கடைசியில் இப்படிப் போட்டேன். செவ்வாய் இரவு எட்டுக்கு ஒருவர் தூங்கப் போக வேண்டும். அவரே புதன் ரவுண்ட்ஸுக்கும் ஞாயிறுக்கும் வர வேண்டும். மற்ற இருவரும் புதன் எட்டுக்குக் கிளம்பலாம், ஞாயிறும் அவர்களுக்கு லீவு. முறை வாராவாரம் சுற்றும். கூட்டிப் பார்த்தேன்: அவருக்கு 72, இவர்களுக்கு 64. ரொம்பப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது வாரமே அடி. சர்க்கரை ஏறி, ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸில் வந்த ஒரு அம்மாவுக்கு இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பொட்டாசியம் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இரவில் அட்மிட் செய்த எனக்கு மட்டும்தான் தெரியும். வாயால் சொன்னதாக எனக்கு நினைவு. கேட்டதாக ஃபர்ஸ்ட் இயர் பெண்ணுக்கு நினைவில்லை. கேஸ் ஷீட்டிலும் இல்லை. பத்து மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டதால் பார்த்தார்கள்: 2.9, இன்சுலினால் ரொம்ப இறங்கியிருந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பழைய முறையில் புதன் மாலை வரை நானே அங்கே நின்றிருப்பேன், தூங்கி வழிந்துகொண்டு.

ஸ்டாஃப் நர்ஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நோட்டில் எழுதி ஓவர் கொடுக்கிறார்கள், அதாவது யாருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கிறார்கள். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. இப்போது எங்களுக்கும் ஒரு நீள நோட்டு. புதன் ஏழரைக்குப் படுக்கை படுக்கையாக நின்று ஓவர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். நடைமுறையில் எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. லிஸ்டில் எட்டு என்றே போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் செகண்ட் இயர் தம்பி மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று மாதம் போகிறான். இரண்டு பேரை வைத்துக் கட்டம் போட வேண்டும்.