அம்மம்மா வீட்டு மதில் மீன்தொட்டிக்குள் போன கதை

முதலில் என் கடல்மீன் தொட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறேன், பார்க்க வருகிற எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஒரு கன அடிக்கு 28 லீற்றர் என்று கணக்குப் பார்த்தால் 680 லீற்றருக்குக் கிட்ட வரும், கீழே இருக்கிற சம்ப் தொட்டியையும் (மேல்தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து, மோட்டரால் திரும்ப மேலே ஏறுகிற இடம்) சேர்த்தால் ஓடுகிற தண்ணீர் 800 லீற்றர். காசு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், அம்மா இதை வாசிப்பா.

வீடு புதுக்குடியிருப்பில், வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அந்த வீடுகளின் நிலம் எப்படி என்று தெரியும்தானே, மண்ணை நிரப்பி இடித்து மேலே மெல்லிசாக ஒரு கொங்கிறீற். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னுக்குக் குறையாது, ஒரு மூலை கொஞ்சம் இறங்கினாலே கண்ணாடி பிளந்துவிடும். அதனால் ஹோலின் மூலையை ஏழடிக்கு மூன்றடி உடைத்து, கம்பி கட்டி, ஆறு அங்குலத்துக்குக் கொங்கிறீற் போட்டோம். மேசன் அண்ணை கம்பியைக் கட்டிக்கொண்டே, "தம்பி, உண்மையைச் சொல்லு, இது மீனுக்கோ, இல்லாட்டி பங்கருக்கோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை, இந்த ஊரில் நிலத்தை வெட்டினால் முதலில் வருகிற நினைப்பு அதுதான். ஸ்ராண்டும் இரும்பில் வேண்டாம், சீமெந்துக் கல்லில் கட்டு என்றார். அது நல்ல புத்தி. உப்புத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில் இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்காது.

கண்ணாடி 12 மில்லிமீற்றர். வெட்டி வந்ததை முற்றத்து மாமரத்தின் கீழ் வைத்து ஒட்டினோம். ஒரு கிழமை காயவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினால், மூன்றாம் நாள் காலையில் பின்பக்க மூலையில் மண் ஈரம். வாங்கின சிலிக்கன் குழாயைத் திருப்பிப் பார்த்தால் திகதி முடிந்து பல மாதம். வாங்கும்போதே பார்க்காதது என் பிழை. பிளேட்டால் முழுக்கச் சுரண்டி எடுத்துத் திரும்ப ஒட்ட இன்னும் பத்து நாள் போனது. தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோக முன்னர் வெளியில் வைத்து நிரப்பிப் பாருங்கள். அன்று அது ஹோலில் கசிந்திருந்தால் அம்மா என்னையும் தொட்டியையும் சேர்த்து வெளியே விட்டிருப்பா.

சரி, கல்லுக்கு வருவோம். கடல் தொட்டிக்கு உயிரே கல்தான். கல்லின் நுண்ணிய ஓட்டைகளுக்குள் குடியேறுகிற பற்றீரியாதான் மீன்கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. ஆனால் உயிருள்ள முருகைக்கல்லைக் கடலில் இருந்து எடுக்க முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. எடுக்கவும் கூடாது என்பதுதான் என் எண்ணமும். இறக்குமதியாகிற கல்லின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அப்போதுதான் பருத்தித்துறைப் பக்கம் அம்மம்மாவின் பழைய வீட்டு மதில் நினைவுக்கு வந்தது. அந்தக் கரையோரத்துப் பழைய வீடுகள் கனக்க முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான். மதில் பாதி எப்போதோ விழுந்து, நாயுருவி மூடிக் கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கிணத்தடிப் பக்கம் நிக்கிறதை மட்டும் உடைக்காதை" என்றா.

விழுந்து கிடந்ததில் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட அள்ளினோம். வழியில் யாரும் மறித்தால் காட்ட, பழைய மதில் கல், கடலில் எடுத்ததில்லை என்று கிராம அலுவலரான விதானையாரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டேன். மறித்தார்கள், காட்டினேன், சிரித்துவிட்டு விட்டார்கள். சீமெந்து பூசின கல்லையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். மிச்சத்தின் சுண்ணாம்புச் சாந்தை உளியால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரண்டு பெரிய பரலில் ஊறப்போட்டேன். முதல் கிழமை ஊறின தண்ணீரின் பிஎச் 10. அதில் மீனை விட்டால் அன்றைக்கே கதை முடிந்தது. கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றி, மூன்று மாதத்துக்குப் பிறகுதான் கடல்தண்ணீருக்குக் கிட்ட, 8.3இல் நின்றது. தேய்க்கத் தேய்க்கக் கல்லில் சின்னச் சின்னப் பூப்போல வரிகள் தெரிந்தன, ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஓர் உயிர் இருந்த குழி. மதிலாக நின்ற காலம் முழுக்கச் சுண்ணாம்புக்குள் மூடிக் கிடந்ததை நான் ஒரு பழைய பல்தூரிகையோடு குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீருக்கு முல்லைத்தீவுக் கடல். சித்தப்பாவின் படகில் கரையை விட்டு நல்லாத் தள்ளிப் போய் 25 லீற்றர்க் கானில் 34 கான் நிரப்பினோம், 2024 ஜூனில். உப்பை அளக்கிற ரிஃப்ரக்டோமீற்றரில் உப்பு 35, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம், புத்தகத்தில் உள்ள அதே அளவு. அதே இடத்தில் டிசம்பரில் எடுத்தது 30தான் காட்டியது. மாரி மழை, நந்திக்கடல் களப்பின் வாய் வெட்டி ஓடுகிற தண்ணீர், எல்லாம் கலக்கிற காலம் அது, நிறமும் தேத்தண்ணீர் மாதிரி. ஆகவே தண்ணீர் எடுப்பதென்றால் வாடை தொடங்க முன்னர். இன்னொன்று, கானை முகர்ந்து பாருங்கள். எங்கள் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை, இரண்டு கானில் அந்த மணம் இருந்தது, அப்படியே கடலோரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

நிரப்பி, கல்லை அடுக்கி, மோட்டரை ஓடவிட்டு, உள்ளே ஓர் இறாலைப் போட்டேன், அழுகட்டும் என்று. பற்றீரியாவுக்கு முதல் சாப்பாடு அதுதான். வீடு நாறியது. அமோனியா ஏறி, இறங்கி, பிறகு நைத்திரைற்று ஏறி, அதுவும் இறங்கி, இரண்டும் பூச்சியத்துக்கு வர 36 நாள். அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து தொட்டியிலேயே பொரித்து வளர்த்த இரண்டு கோமாளி மீன்கள் வந்தன.

வெக்கைதான் பெரிய எதிரி. ஏப்ரலில் தொட்டித் தண்ணீர் 32 பாகை வரை போனது, 26, 27இல் நின்றால் நல்லது. தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் வாங்க வசதியில்லை. தண்ணீர் மட்டத்தை உரசுகிற மாதிரி நாலு சின்ன விசிறி பூட்டினேன், மூன்று பாகை இறங்கியது. சோழகம் வீசுகிற காலத்தில் காற்று காய்ந்திருப்பதால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நாளுக்கு 12 லீற்றர் ஆவியாகிப் போகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும், அதனால் ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கிற மீற்றர் லீற்றருக்கு 900 மில்லிகிராம் காட்டுகிறது, 12 லீற்றர் ஊற்றினால் ஒரு நாளைக்குப் பதினொரு கிராம் சுண்ணாம்பும் கண்டதும், மாதத்துக்கு 300 கிராமுக்கு மேல். நல்ல காலம், வன்னியில் இப்போது சந்திக்குச் சந்தி ஆர்ஓ தண்ணீர், கரைந்த உப்பெல்லாம் வடித்தது, விற்கிறார்கள். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து சனம் வாங்குகிற தண்ணீரை நான் மீனுக்கு வாங்குவதைப் பார்த்து அங்கே நிற்கிற ஐயா ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது, குரங்கு ஒன்றால்தான் என்று சொன்னார்களே, அந்த நாள். மோட்டர் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர், மோட்டர் மேலே ஏற்றுகிற குழாய் வழியாகவே கீழே சம்புக்கு இறங்கத் தொடங்கியது. அதை நிறுத்தத்தான் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தேன், காற்று உள்ளே போனால் இழுவை அறும். அந்த ஓட்டைக்குள் ஒரு கடுகளவு நத்தை போய் இருந்துகொண்டது. என் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 28 லீற்றர், மூன்று அங்குலம் இறங்கியது, சம்பில் மிச்சம் இருந்த இடம் 60 லீற்றருக்குத்தான். மிச்சம் ஹோலில். ஒருபக்கம் சாக்கால் தண்ணீரை ஒற்றிக்கொண்டு, மறுபக்கம் மீனுக்கு மூச்சு முட்டாமல் ஜொக்கால் அள்ளி அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டு, கரண்ட் வரும்வரை நானும் அம்மாவும் மாறி மாறி நின்றோம். ஒன்றும் சாகவில்லை. அடுத்த கிழமையே பற்றரியும் இன்வேர்ட்டரும் வாங்கினேன், குழாயில் ஓட்டை இப்போது இரண்டு.

ஏப்ரல் கடைசியில் ஒரு கல்லில், சுண்ணாம்பு வெள்ளை இன்னும் போகாத பக்கத்தில், ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தது. கறையென்று நினைத்துச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கல்லோடு கல்லாகப் படர்கிற சுண்ணாம்புப் பாசி, கடல்தண்ணீரோடு வந்திருக்கவேண்டும். இப்போது அது இரண்டு ரூபாய்க் குற்றி அளவு. அம்மா பின்னேரத்தில் பிளேன்ரீயோடு கதிரையை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் இருப்பா. போன கிழமை கேட்டா, "டேய், அந்தக் கிணத்தடிப் பக்கம் நிக்கிறதும் விழுந்திட்டுதாம், எடுத்துக்கொண்டு வாவன்."